புள்ளி விழ முன்

ஐஸ் பக்டரியில் கணக்கெழுதுகிறவளுக்குப்
பனி நாய்மேல் ஆசை வந்ததில் என்ன அதிசயம்.
சைபீரியன் ஹஸ்கி, நீலக் கண்,
கலண்டரில் கண்டது.
"பக்டரிக்குள்ளையே கட்டி வைப்பம்" என்றார் மெர்வின்,
சிரிக்காமல்.
அந்த வைகாசியில்
உட்துறைமுக வீதித் தார் செருப்போடு எழுந்து வந்தது.
தாரைச் சுரண்டிக்கொண்டே
கலண்டரில் அடுத்த மாதத்தைத் திருப்பினேன்.

பிறகு ஒன்றரை வருஷம் நாய்க் கதைதான்.
அல்சேஷனுக்கு இடுப்பு பிசகுமாம்.
ஓர்ஸ் ஹில்லில் டொக்டர் வீட்டு டொபர்மனைப் பார்க்கப் போய்
டொக்டரையே பார்த்துவிட்டு வந்தோம், ஏழு தையல்.
எங்கள் படிகளோ உயரம்,
டக்ஸ்ஹுண்டின் முதுகோ நீளம்.
பொமரேனியன் என்று வாயெடுத்தேன்.
அதைப் பிடித்துக்கொண்டு கடற்கரைக்கு வர
வேறு புருஷன் பார் என்றார்.

ஒரு பின்னேரம் கோட்டை வாசலில்
வாழைப்பழத் தோலுக்கு மான்கள் முண்டியடிக்க
ஒன்று மட்டும் விலகி நின்றது.
முன்கால் நேர்,
பின்கால் ஒரு சாண் பின்னுக்கு,
கழுத்து காற்றுக்கு.
கயிறு பிடிக்க ஆளில்லை.
கண்காட்சியில் நாய்களை இப்படி நிறுத்தத்தான்
ஆயிரம் ரூபா கொடுத்துப் பழக்குகிறார்கள்.
பஸ்ஸில் வரும்போதே சொல்லிவிட்டேன்:
டல்மேஷன்.
புள்ளிமான் ஊரில் புள்ளி நாய்.
வெளியில் சொல்ல வெட்கமான காரணம்.
கேட்டவர்களுக்குக் குட்டை மயிர், வெயில் தாங்கும்,
ஓட டச்பே மணல் இருக்கிறது என்று
மெர்வின் சொல்லிக்கொண்டார்.

வத்தளையில் மிஸிஸ் எபர்ட்டின் வீட்டில்
பெண் பார்க்க வந்தவர்கள் மாதிரி உட்கார்ந்தோம்.
மூன்று தலைமுறைச் சாதகம் மேசையில் விரிந்தது.
விசாரணை எங்களுக்கு.
மத்தியானம் பன்னிரண்டுக்கு எங்கே படுக்கும்?
மாற்றலாகிப் போனால்?
கிண்ணம் ஒன்றும் கிடைக்காவிட்டால்,
பத்து வருஷம், பன்னிரண்டு வருஷம்,
சும்மா ஒரு நாயாய் வைத்திருப்பீர்களா?
நான் மெர்வினைப் பார்த்தேன்.
மெர்வின் சுவரில் தொங்கிய ரிப்பன்களை எண்ணினார்.

பிறகுதான் பெட்டியைக் காட்டினார்.
பிறந்து ஐந்து நாள். எட்டுக் குட்டி.
எட்டும் சோற்று உருண்டை வெள்ளை.
"புள்ளி எங்கே?"
"இனித்தான் விழும்.
எத்தனை, எந்த இடம், ஒன்றோடொன்று ஒட்டுமோ,
எனக்கும் தெரியாது.
காது கேட்குமா என்பதும் இனித்தான்.
பெயர் எழுதுவதென்றால் எழுதுங்கள்."
சீட்டெடுத்த காசு கைப்பையில் வியர்த்தது.
வெள்ளைக் குட்டிக்கு நேரே
என் பெயரை எழுதினேன்.
பேனை இடையில் நின்றது,
உதறிவிட்டு மீதியை எழுதினேன்.

ஆறாம் கிழமை அவரே போன் எடுத்தார்.
இரண்டு காதும் சுத்தம்.
ஆனால் இடது விலாவில் மூன்று புள்ளி கூடி
ஒரு திட்டாகிவிட்டது.
"அதுக்குப் புள்ளி குறைப்பினம், மகள்.
உங்களுக்கு முன்னால் எழுதியவர் வரவில்லை,
அந்தக் குட்டி வடிவு. மாத்தித் தரட்டா?"
அந்நேரம் பார்த்து
பலகைச் சறுக்கில் ஐஸ் கட்டிகள் இறங்கின,
லொறிக்காரன் கத்தினான்,
நானும் கத்தினேன்:
"எழுதினது எழுதினதுதான்!"
பக்டரியே திரும்பிப் பார்த்தது.

பெயர் எள்ளு.
கறுப்புப் பாவாடைகளைத் தங்கச்சிக்குக் கொடுத்துவிட்டேன்.
சம்பளப் பேரேட்டில், தயிரில்,
மெர்வினின் பூசை உடுப்பில் வெள்ளை மயிர்.
அரைப் பங்குச் சம்பளம் அவன் வயிற்றுக்குள்.
விலாத் திட்டை ஒவ்வொரு இரவும் பார்க்கிறேன்,
வளர்ந்திருக்கிறதா என்று,
பார்ப்பதில்லை என்று சொல்லிக்கொண்டு.

கண்டிக் கண்காட்சிக்கு இன்னும் இருபது நாள்.
விடிய ஐந்தரைக்கு டச்பே மணலில்
நில் என்றால் நிற்கிறான்,
முன்கால் நேர், கழுத்து காற்றுக்கு,
பதினொரு செக்கன்.
பன்னிரண்டாவதில்
குப்பைப் பையைக் கவ்விக்கொண்டு
கோட்டைப் பக்கமிருந்து
ஒரு மான் வருகிறது.