இருபத்தெட்டு நாள் வேலிடிட்டி

கம்மனஹள்ளியில் என் ஜெராக்ஸ் கடைக்கு மேலே
நாலு சூடான் பையன்கள் குடியிருந்தார்கள்.
முதஸ்ஸிர் மட்டும் அக்கா என்பான்,
மிச்சத்தை ஓட்டைக் கன்னடத்தில் ஒப்பேற்றுவான்.

ஏப்ரலில் ஒரு நாள்
கடன் சொல்லாமல் ரீசார்ஜ் செய்துகொண்டு
போனை என் மூக்குக்கு நேரே நீட்டினான்.
கார்த்தூம். ராணுவத் தலைமையக வாசல்.
கொளுத்தும் வெயிலில் ஜனம்.
ஒரு சிப்பாய் தன் தொப்பியைக் கழற்றி
யாரோ பெற்ற பெண்ணின் தலையில் வைக்கிறான்.
எங்க பட்டாளம் எங்க பக்கம் வந்துடுச்சு, அக்கா.
அன்றைக்குத் தெருவுக்கே தில்பசந்த் வாங்கிக் கொடுத்தான்.

அடுத்த வாரம் நான் ஓட்டுப் போட்டு வந்தேன்.
விரல் மையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தான்.
அழியுமா?
நகம் வளர்ந்தால் போகும் என்றேன்.

என் வீட்டுக்காரர் அல்சூர் எம்.இ.ஜி.யில் ஹவில்தார்.
அது அவனுக்குத் தெரியும்.
அமலதாஸ் அண்ணனுக்கு ஆர்டர் வந்தா
இந்தத் தெருவைப் பார்த்துச் சுடுவாரா?
நான் குனிந்து
ஸ்டேப்ளர் பின் தேடினேன். கையிலேயே இருந்தது.

ராத்திரி இவரிடம் கேட்டேன்.
யூனிபார்முக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தவர்
நிமிரவில்லை.
அதெல்லாம் வராது என்றார்.
வந்தா?
காலரைத் திருப்பிப் போட்டுத் தேய்த்தார்.
வெகுநேரம் கழித்து,
அந்தப் பையன் நல்லாப் படிக்கிறானா?

எங்கள் தெருவில் இருபத்தெட்டாம் நோன்பு,
அவன் ஊரில் இருபத்தொன்பது.
ஷட்டரைத் தூக்க வரும்போதே படியில் இருந்தான்.
அதே வாசலில்தானாம், விடியலில்.
சுட்டுக்கொண்டே வந்திருக்கிறார்கள்.
ஓடினவர்கள் பட்டாளத்தின் கேட்டைத் தட்டினார்களாம்.
உள்ளே பூட்டியிருந்ததாம்.
தங்கை இஸ்ரா அங்கே
காயத்துக்குக் கட்டுப் போடும் கூடாரத்தில்.

எங்கே இருக்கிறாய் என்று அனுப்பியிருந்தான்.
ஒற்றை டிக்.
ஊருக்கே நெட்டைப் பிடுங்கிவிட்டார்களாம்.
அக்கா, அங்க ரீசார்ஜ் போட முடியுமா?
எந்த நாட்டுக்கும் போடப்படும் என்று
போர்டு எழுதி வைத்திருந்தவள் நான்.
நம்பரை வாங்கி, பணம் வாங்காமல்,
போட்டும் பார்த்தேன்.
சக்ஸஸ் என்று வந்தது.
ஒற்றை டிக்.

சாயங்காலம் இவர் டியூட்டி முடிந்து
பூட்ஸோடு படியேறி வந்தார்.
முதஸ்ஸிர் போனிலிருந்து கண்ணெடுக்கவில்லை,
கால்களை மட்டும் சடாரென்று
உள்ளே இழுத்துக்கொண்டான்.

இவர் அங்கேயே நின்றுவிட்டார்.

மறுநாளிலிருந்து
பையில் ஒரு சாதாச் சட்டை கொண்டுபோகிறார்.
ஏன் என்று நான் கேட்கவில்லை.