செப்டம்பர் மூன்று

திரையில் தெல்கர்மா அம்மையாரின் முகம்
பாதிச் சிரிப்பில் உறைந்து நின்றது.
குரல் மட்டும் வந்தது:
"எங்கள் குடும்பத்துக்கு வருக."
வேலை கிடைத்துவிட்டதென்று
அப்படித்தான் புரிந்துகொண்டேன்.

துமகெத்தேயில் பதின்மூன்று வருட வேலையை
மூன்று வரிக் கடிதத்தில் விட்டேன்.
தலைமையாசிரியர் கேட்டார்:
"ஒப்பந்தம் கையில் இருக்கிறதா, கிளாரிதா?"
"வந்துகொண்டிருக்கிறது" என்றேன்,
மழையைச் சொல்வதுபோல.
என் மோட்டார் சைக்கிளைக் கொழுந்தன் எடுத்துக்கொண்டான்,
பாதிப் பணம் பிறகு என்று.
அந்த வாரம்
எல்லோரும் எல்லோரையும் நம்பினோம்.

உலான்பாத்தரில் இறங்கிய மறுநாளே வகுப்பு.
மூன்றாம் மாடி, முப்பத்தெட்டுப் பேர்,
யாருக்கு எவ்வளவு தெரியுமென்று பார்க்க
பத்து மதிப்பெண் சோதனை.
கடவுச்சீட்டை, விசா நீட்டிப்புக்கு என்று வாங்கி
மேசை இழுப்பறையில் வைத்தார் தெல்கர்மா.
ஒப்பந்தம்?
"மர்காஷ்."
நாளை என்று பொருள்.
அந்த ஊர் மொழியில் நான் கற்ற முதல் சொல்.
உச்சரிப்பைத் திருத்தித் தந்ததும் அவரேதான்.

அச்சு இயந்திரம் பழுது. மர்காஷ்.
முத்திரை வைத்திருப்பவர் ஆடு பார்க்கப் போயிருக்கிறார். மர்காஷ்.
முத்திரை வந்தது, மை காய்ந்திருந்தது.
உப்புப் போட்ட பால் தேநீர் ஒரு கிண்ணம் நீட்டுவார்.
குடித்துவிட்டு வருவேன்.
சூடாக இருக்கும், அதை மறுக்க முடியாது.

செப்டம்பர் முடிவில் ஓர் உறை,
உள்ளே பாதிச் சம்பளம், ரசீது இல்லை.
அக்டோபரில்
தண்ணீர்க் குழாய் உறைந்தது.
உறை வரவில்லை.
"சம்பளம் எப்படி?" என்று ரொமுலோ கேட்டான்.
அலைபேசியை ஜன்னல் பக்கம் திருப்பி
"பனி பார்" என்றேன்.
நிலக்கரிப் புகையில் அது வெள்ளையாகக்கூட இல்லை.

இரவெல்லாம் நோட்டுத் திருத்துவேன்.
எங்கூனின் பக்கத்தில் நான்காம் முறையாக எழுதினேன்:
'கையெழுத்து சரியில்லை.'
எழுதிவிட்டுப் பேனாவை மூடினேன்.
அவளுக்காவது ஒரு கையெழுத்து இருக்கிறது;
என்னுடையது இந்த நாட்டில்
எந்தக் காகிதத்திலும் இல்லை.

நவம்பர் பதினான்காம் தேதி ஒப்பந்தம் வந்தது.
நான்கு பக்கம். முழுக்க அவர்கள் எழுத்து.
இதில் நான் எங்கே இருக்கிறேன் என்றே தெரியவில்லை.
பேருந்துக்குக் காத்திருந்த எங்கூனைக் கூப்பிட்டேன்.
கையுறையைக் கழற்றி
விரலை வரிக்கடியில் நகர்த்தி வாசித்தாள்.
"இது உங்கள் பெயர். ஓர் எழுத்து குறைகிறது."
"இது சம்பளம்."
"இது..."
விரல் நின்றது.
பேருந்து வந்து, போனது.
"வேலை தொடங்கும் நாள்,
நவம்பர் பதினைந்து, டீச்சர்."

நாளைதான்.
மர்காஷ் கடைசியில் ஒரு தேதியாகிவிட்டது.

நான் ஒன்றும் சொல்லவில்லை.
அவள்தான் பையைக் கவிழ்த்தாள்.
ஆப்பிள் ஒன்று உருண்டது.
நசுங்கிய நோட்டின் முதல் பக்கத்தை
என் முகத்துக்கு நேரே பிடித்தாள்.
"அப்படியானால் எனக்கு இந்தப் பூஜ்யத்தை யார் போட்டது?"
பழைய கோபம். இரண்டரை மாதமாகக் காத்திருந்த கோபம்.

பூஜ்யம். கீழே ஒரு கோடு.
செப்டம்பர் மூன்று.
அதன் கீழே, சிவப்பில்,
வாலை நீட்டி இழுத்த
என் கையெழுத்து.

மறுநாள் காலை
முப்பத்தெட்டு நோட்டுகளையும் மார்போடு அணைத்து
இரண்டு மாடி இறங்கினேன்.
ஒப்பந்தத்தை மேலே வைத்திருந்தேன்,
தேதியைச் சிவப்பில் வட்டமிட்டு,
ஓரத்தில், வழக்கம்போல:
'தவறு. மறுபடி எழுதவும்.'

தெல்கர்மா பார்த்தார்.
கிண்ணத்தை நகர்த்தி வைத்தார்.
"மர்..." என்று தொடங்கினார்.

நான் முதல் நோட்டைத் திறந்தேன்.