பட்டியலில் இல்லாத ஊர்

மூன்று வாரம் முயன்று கிடைத்த நேரம்:
வியாழன், காலை ஒன்பது நாற்பது.
அல்மேரியா போக்குவரத்து அலுவலகத்தில்
எழுபத்திரண்டாம் எண் நான்.
முன்னால் ஒரு ருமேனிய லாரிக்காரர்
காகிதங்களை எண்ணுகிறார், மறுபடி எண்ணுகிறார்.
ஒன்று குறைந்தாலும் நாள் பாழ்.

குடிவந்து இரண்டு வருடம் ஆகிவிட்டால்
காலாவதித் தேதி இல்லாத உரிமம் செல்லாதாம்.
எனக்கு யாரும் சொல்லவில்லை.
தக்காளிக் கூடாரங்களுக்கு நடுவே
ரவுண்டானாவில் மறித்த காவலர்தான் சொன்னார்,
அபராதச் சீட்டைக் கிழித்தபடி,
மிக மரியாதையாக.

என்னுடையது மடிக்கிற காகிதம்.
மடிப்பு நைந்த இடத்தில் டேப்,
டேப் பழுத்த இடத்தில் இன்னொரு டேப்.
உள்ளே பதினெட்டு வயதில் நான்:
வீட்டிலேயே கத்தரித்த முன்முடி,
அண்ணனின் ஸ்வெட்டர்,
சிரிக்காதே என்று சொல்லிவிட்டதால்
சிரிப்பைக் கடித்துக்கொண்டிருக்கும் உதடு.

போன செவ்வாய் மருத்துவப் பரிசோதனை.
திரையில் இரண்டு சாலைகள் நெளிகின்றன,
இடது கைக்கு ஒன்று, வலது கைக்கு ஒன்று,
ஓரம் தாண்டினால் பீப்.
நாற்பது வருடம் வண்டி ஓட்டியவள்
அந்த அறையைக்
கோழிக்குஞ்சுக் கூடையாக்கிவிட்டேன்.
டாக்டர் திரைப்பக்கம் திரும்பவே இல்லை.
"எல்லாருக்கும் இப்படித்தான்"
என்று முத்திரை குத்தினார்.

எழுபத்திரண்டு.
எலாடியோ என்று சட்டையில் பெயர்.
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு
"வழங்கிய ஊர்?" என்றார்.
கார்ல் மார்க்ஸ் ஸ்டாட்.
பட்டியலில் இல்லை.
"வழங்கிய நாடு?"
ஜெர்மன் ஜனநாயகக் குடியரசு.
அதுவும் இல்லை.
பக்கத்து மேசை அசுன்சியோனைக் கூப்பிட்டார்.
அவள் காபிக் கோப்பையோடு வந்து
முத்திரையை விளக்கில் பிடித்துப் பார்த்தாள்,
கள்ள நோட்டைப் பார்ப்பதுபோல.

எனக்கு இருக்கிற ஸ்பானிஷில் சொன்னேன்:
ஊர் இருக்கிறது, பெயர்தான் போயிற்று.
நாடு போயிற்று,
அங்கே போட்ட சாலைகள் இருக்கின்றன.
"அப்படியானால் இப்போது என்ன பெயர்?"
கெம்னிட்ஸ்.
கெம்னிட்ஸ் இருந்தது.
ஒரே சொடுக்கில் நாடு மாறினேன்.
முதல் தடவை மாறியபோது
ஒரு வருடம் பிடித்தது,
அப்பாவின் வேலையும் போனது.

"பழையது எங்களிடமே இருக்கும்,
ஜெர்மனிக்கு அனுப்பிவிடுவோம்."
படத்தை மட்டும் உரித்துத் தர முடியுமா?
"முடியாது, செஞோரா."
சொல்லிவிட்டு எழுந்து போய்
இரண்டு பக்கமும் நகல் எடுத்து வந்தார்,
நான் கேட்காமலே.
கலர் மெஷின் பழுது என்று வருத்தப்பட்டார்.
பரவாயில்லை, அசலே கறுப்பு வெள்ளைதான்.

அட்டை தபாலில் வரும்,
அதுவரைக்கும் இந்தத் தாள் என்று கொடுத்தார்.
கடைசி வரி தடித்த எழுத்தில்:
இந்த நாட்டின் எல்லைக்குள் மட்டும்.

சிரித்துவிட்டேன்.
கோபம் என்று நினைத்தார் பாவம்,
"கொஞ்ச நாள்தான், கொஞ்ச நாள்தான்" என்றார்.
அவரிடம் எப்படிச் சொல்வது,
முதல் ஐந்து வருடம்
அந்தப் பழைய காகிதமும் இதையேதான் சொன்னது,
எழுதி வைக்காமல்.
மேற்கே போகப் போக
எங்கள் வரைபடத்தில் சாலை மெலிந்து
ஓரிடத்தில் வெறும் வெள்ளையாகும்.
அந்த வெள்ளைக்குள் ஒரு நவம்பர் இரவு
ஹைட்ரூன் ஷூபர்ட் ஆகிய நான்
இரண்டாம் கியரில் நுழைந்தேன்.
ஹீட்டர் வேலை செய்யவில்லை.
யாரோ கூரையைத் தட்டி
ஒரு வாழைப்பழம் நீட்டினார்கள்.

வெளியே வந்தால் வெயில்,
பிளாஸ்டிக் கூடாரங்கள் கண்ணைக் கூசின.
யோர்க்குக்குப் போன் செய்யவேண்டும்:
ஜூனில் போர்ச்சுகல் என்றால்
அட்டை வராவிட்டால் நீதான் ஓட்டவேண்டும்,
நான் பக்கத்தில் உட்கார்ந்து குறை சொல்வேன்.

புதுத் தாளைப் பார்த்தேன்.
அதற்குள் அதை நான்காக மடித்திருந்தது கை,
டேப் ஒட்டவேண்டி வரும் இடத்திலேயே.