லீவுப் படிவத்தின் பின்பக்கம்

முன்பக்கத்தில் கேட்டதை எழுதிவிட்டேன்.
பெயர் ரஞ்சிதமலர். லீவு ஐந்து நாள்,
முன்னால் சனி ஞாயிறு சேர ஏழு.
காரணம்: சொந்த அலுவல்.
பின்பக்கம் வெறுமையாய்க் கிடந்தது,
அதில்தான் றோட்டுக் கீறுகிறேன்.

இருபத்தாறு வருசம்
இந்த மாகாணத் தலைநகருக்கு வந்த கடிதங்களுக்கு
இலக்கம் போட்டவள் நான்.
குச்சவெளியில் மதகு உடைந்தது தெரியும்.
வெருகலில் பாலர் பாடசாலைக்குக்
கூரை இல்லாதது தெரியும்.
ஈச்சிலம்பற்றுக்கு எந்தப் பக்கம் திரும்புவதென்று
தெரியாது.

கார் ஜெஸீமாவுடையது. பழைய ஆல்ட்டோ.
இரண்டாம் கியர் விழ
உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டவேண்டும்.
பெற்றோல் பாதிப் பாதி.
ஓட்டம் அவள் காலையில், நான் பின்னேரம்;
ஐம்பத்திரண்டு வயதில் எடுத்த லைசன்ஸ்
இன்னும் மணிப்பர்சில் வளையாமல் இருக்கிறது.

சனி, வடக்கு.
உப்புவெளியில் நிற்பதில்லை,
அங்கே நிற்க வெள்ளைக்காரர் இருக்கிறார்கள்.
நிலாவெளி, இறக்கக்கண்டி,
பிறகு அந்த மதகு. கட்டினார்களா,
அல்லது கடிதம் மட்டும் கட்டி வைத்தோமா.
புல்மோட்டையில் கறுப்பு மணல்,
செருப்போடு வீட்டுக்கு வரும்.

கன்னியாவில் ஏழு கிணறு, நாளுக்கொன்று
என்றாள் ஜெஸீமா.
லீவு குளிக்கவா என்றேன்.
ஞாயிறு பின்னேரம் ஒரேயடியாய் ஏழும்.

இவர் கேட்டார்:
"ஒரு கிழமை சுத்திப்போட்டு
இரவிரவாய் வீட்டுக்கு வாறதெண்டால்
அது என்ன பயணம்?"
"கந்தோருக்குப் போறதும் அப்பிடித்தானே,
அதுக்கு நீங்கள் ஒண்டும் கேக்கேல்லையே."

திங்கள் தம்பலகாமம், கந்தளாய்.
குளக்கட்டில் சாப்பாடு. புட்டு அவள், சம்பல் நான்.

செவ்வாய் கிண்ணியா, அவளின் ஊர்.
பாலம் போட முதல் அங்கே பாதை.
பாதை என்றால் றோட்டில்லை,
கரைக்குக் கரை மிதக்கும் தட்டு.
ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக
நடு நீரில் பிறந்தானாம் அவளின் தம்பி.
"பாதையில் பிறந்தவன்,
இப்ப கட்டாரில் லொறி ஓடுறான்."
பிறந்த இடம் என்ற கட்டத்தில்
என்ன போட்டார்கள் என்று கேட்டேன்,
தொழில் புத்தி.
"திருகோணமலை ஆஸ்பத்திரி.
தண்ணிக்கு எங்க இருக்கு கட்டம்?"

புதன் மூதூர், மாட்டுத் தயிர்.
சம்பூரை எழுதி, வெட்டி, மேலே திரும்ப எழுதினேன்.
அங்கிருந்து ஒருவர்
காணிக்காகப் பதினொரு கடிதம் எழுதினவர்.
சாய்ந்த எழுத்து, வரிக்கு வரி ஐயா.
பன்னிரண்டாவது வரவில்லை.
காணி கிடைத்ததோ, கை களைத்ததோ,
கோவையில் அதற்குப் பத்தி இல்லை.
வாசலில் போய் நிற்கமாட்டேன்.
அந்தத் தெருவால் இரண்டாம் கியரில்
மெதுவாய்ப் போனால் போதும்.

வியாழன் வெருகல், ஈச்சிலம்பற்று.
வழி தெரியாததால் நாள் முழுக்க ஒதுக்கியிருக்கிறேன்.

வெள்ளி எங்கும் போவதில்லை.
வேலைநாள் பத்து மணிக்கு
கந்தோர் வாசலுக்கு எதிரே காரை நிறுத்தி
உள்ளே இருந்து பார்க்கவேண்டும்.
என் யன்னல் எது,
என் கதிரையில் யார்,
கையில் கடிதத்தோடு வருகிற சனம்
படியேற முதல்
ஏன் ஒருக்கால் செருப்பைத் தட்டிக்கொள்கிறது.
மான் ஒன்று றோட்டுக்குக் குறுக்கே படுத்தால்
எழும்பும்வரை இருப்போம்.

படிவத்தைத் திருப்பினால்
முன்பக்கத்தில் ஒரு கட்டம் மிச்சம்:
லீவுக் காலத்தில் இருக்கும் முகவரி.
வீட்டு இலக்கத்தை எழுதி
ஒரு கொமா போட்டு
பேனையைத் தூக்கிக்கொண்டு இருக்கிறேன்.

போன் அடிக்கிறது, ஜெஸீமா.
ஸ்டெப்னியில் காற்றில்லையாம்.
சனிக்கிழமை ஆறு மணிக்கு
எந்த டயர்க் கடை திறக்கும்?