பொழி

முதல் அடைப்பை ராத்திரியே திறந்துவிட்டார்கள்,
ஆசாரிப்பள்ளத்தில், மணி இரண்டு ஐம்பதுக்கு.
மணிக்கட்டு வழியாக ஒரு கம்பி,
நெல்மணி அளவில் ஒரு பலூன், பிறகு ஸ்டென்ட்.

காலையில் காகிதங்களோடு நான் போகிறேன்.
பதினொரு பக்கம், மூன்று கையெழுத்து.
வறுவேல், மேலமணக்குடி, வயது ஐம்பத்தெட்டு.
விரல்களில் தூண்டில் நரம்பு அறுத்த பழைய கோடுகள்,
ஒன்றில் மட்டும் ஆக்சிஜன் கிளிப்பின் சிவப்பு.

"இன்னும் ரெண்டு குழாயில பாதிக்கு மேல அடைப்பு இருக்கு.
அதையும் திறக்கணுமா, மாத்திரை மட்டும் போதுமா,
எது நல்லதுன்னு உறுதியாத் தெரியல.
அதுக்குத்தான் இந்த ஆராய்ச்சி."

அவர் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:
"பொழிய மணல் மூடிச்சு, வெட்டி விட்டாச்சு.
பொறத்தால ரெண்டு வாய்க்காலும் தூர்ந்து வருது.
அதையும் இப்பமே வெட்டணுமா, மழை வரட்டுமா.
அதானே மக்ளே?"

ஆறு வருடமாக விளக்கிக்கொண்டிருக்கிறேன்.
அதேதான்.

"அப்பம் யாரு முடிவு பண்ணுவா?"
கம்ப்யூட்டர் என்றேன்.
"குலுக்கிப் போடுததா?"
குலுக்கித்தான்.
"பணக்காரனுக்கும் அப்பிடியா?"
அப்படித்தான்.
"அப்பம் கொண்டா."
கையெழுத்து கோட்டைத் தாண்டி ஓரம் வரை ஓடியது.

திரையில் வந்தது: மாத்திரை மட்டும்.
பக்கத்துக் கட்டிலில் தங்கையன்,
குலசேகரத்தில் ரப்பர் பால் வெட்டுகிறவர்.
அவருக்கு எல்லாவற்றையும் திறக்க விழுந்தது.
அதிர்ஷ்டக்காரர் என்றாள் டூட்டி நர்ஸ்.

எட்டாம் மாதம் தங்கையன் எண்ணில் மகன் எடுத்தான்.
தேதி கேட்டேன். நேரம் கேட்டேன்.
கடைசியாக நெஞ்சுவலி சொன்னாரா என்று கேட்டேன்.
இதிலிருந்து எதுவும் தெரிந்துவிடாது.
இன்னும் இரண்டாயிரத்து நூறு பேர் வேண்டும்.

பன்னிரண்டாம் மாதம், மணக்குடி. பனியம்மை எடுத்தாள்.
"ஆளு இல்ல."
என் பேனா இடது கட்டத்துக்கு மேல் நின்றது.
பின்னால் யாரோ மீன் ஏலம் கூவினார்கள்.
"கடலுக்குப் போயிருக்காவ. வியாழக்கிழம வருவாவ."

மூச்சு வாங்காமல் இரண்டு மாடி ஏற முடிகிறதா?
கேள்வி பதினான்கு.
"எங்க வீட்டுல ஏது மாடி?
வள்ளத்த தள்ளுதாவ. தள்ளிட்டு நெஞ்சத் தடவுதாவ.
வலியா, பழக்கமான்னு கேட்டா
சாயா போடுங்காவ."

ஆம் என்று குறித்துவிட்டேன்.
பிறகு அதை அடித்தேன்.
ஒற்றைக் கோடு, பக்கத்தில் இனிஷியல், தேதி.
அடித்த எழுத்தும் படிக்கிற மாதிரி இருக்க வேண்டும்.
விதி அது.