ஏழாம் எண் வண்டி

நாலு மணிக்குக் கயிறு கட்டி இழுத்து வந்தான் பாஸ்ஸூ,
ஏழாம் எண் குவாட்டை.
பின்னால் நடந்து வந்தது ஒரு பிரெஞ்சுத் தம்பதி,
ஹெல்மெட்டுகளைக் காய்கறிக் கூடைபோலத் தூக்கிக்கொண்டு.
"ஏற்றத்தில் புகைந்தது, இத்தோ.
அப்புறம் இருமியது.
அப்புறம் ஒன்றுமில்லை."
முதலாளி ஸைத் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.
கணக்கு நோட்டைத் திறந்து
பாஸ்ஸூவின் பெயருக்கு எதிரே
இரண்டு மாதச் சம்பளத்தின் நீளத்துக்கு
ஒரு கோடு இழுத்தார்.

மெர்ஸூகாவில் மணலைப் பழிப்பவர்கள் வெளியூர்க்காரர்கள்.
மணலுக்குப் பருமன் உண்டு, எதிலாவது தடுக்கி நின்றுவிடும்.
குன்றுகளுக்கு இப்பால், வறண்ட ஏரிப் படுகையில் கிடக்கிறதே
ஃபெஷ்-ஃபெஷ்,
அதுதான் ஆளை விழுங்குவது.
சலித்த மாவைவிட நைசு.
கால் வைத்தால் தண்ணீராய் விலகும்,
சக்கரம் பட்டால் எழுந்து நின்று
விழலாமா என்று அரைமணி நேரம் யோசிக்கும்.

தார்ச்சாலையில் போகிறவனுக்குக் காகித ஃபில்டர் போதும்.
இங்கே ஃபோம்தான், அதுவும் இரண்டடுக்கு, அதுவும் எண்ணெய் குடித்தது.
போன வருஷம் எங்கேயோ மலிவாய்க் கிடைத்ததென்று
துணிவலை ஃபில்டர் ஒரு பெட்டி கொண்டுவந்தார் ஸைத்.
ஒன்றை வெயிலுக்கு நேராகப் பிடித்துக் காட்டினேன்.
ஊசி ஊசியாய் வெளிச்சம்.
"இதன் வழியே உங்கள் பணம் போகும்" என்றேன்.
அந்தப் பெட்டி இப்போது கோழிகளுக்கு முட்டையிட உதவுகிறது.

ஒவ்வொரு இரவும் பதினான்கு.
கழற்றியதும் காற்றுக்குழாயின் வாயில் துணி அடைப்பேன்,
ஒரு சிட்டிகை உள்ளே விழுந்தாலும் விழுந்ததுதான்.
மண்ணெண்ணெயில் ஒரு குளியல், சோப்பில் இன்னொன்று.
பெட்ரோலில் நனைத்தால் ஒட்டு விட்டுப்போகும்,
முறுக்கிப் பிழிந்தால் கிழியும்;
உள்ளங்கைக்குள் அமுக்கி, விட்டு, அமுக்கி,
நோயாளியின் கையைப் பிடித்திருப்பதுபோல.
காய்வது நிழலில், ஒரு பகல் முழுக்க.
அதனால்தான் வண்டிக்கு இரண்டு ஃபில்டர்.
பிறகு எண்ணெய், நீலம்.
எங்கேயும் வெளிறாமல் ஒரே நீலமாகும்வரை பிசைவேன்.
கூடினால் வண்டி திணறும்.
குறைந்தால் திணறாது,
சந்தோஷமாக ஓடி ஓடிச் சாகும்.

இரவு ஏழைத் திறந்தேன்.
சிலிண்டர் சுவரில் நீளநீளமாய்க் கீறல்.
ஃபில்டரோ கச்சிதமான நீலம், ஒரு குறையில்லை.
விளிம்பைப் பார்க்கும்வரை.
இடதுபக்கம், உள்ளே மடிந்திருந்தது,
பள்ளிக்கூடப் பையனின் சட்டைக் காலர்போல.
அந்த மடிப்புக்கு நேர் பின்னே, குழாயின் சுவரில்,
வெட்டிய நகத்தின் அளவுக்கு
ஒரு புழுதிப் பிறை.
கிரீஸில் பதிந்திருந்தது கட்டைவிரல் ரேகை.
குறுக்கே தழும்போடு.
என் தழும்பு.

முந்தாநாள் மின்சாரம் போனது.
பதின்மூன்று முடித்திருந்தேன்.
விளக்கை எடுக்க உள்ளே போகச் சோம்பல்,
கைக்குத்தான் தெரியுமே என்றிருந்தேன்.

பாஸ்ஸூ வண்டி ஓட்டுகிறவன்.
இருக்கைக்குக் கீழே என்ன இருக்கிறதென்றே அறியாதவன்.
துணி என் மடியில் இருந்தது.
ஒரு துடைப்பு, ஒரு நிமிர்த்தல்,
அவ்வளவுதான் வேலை.
கோழிப் பெட்டியில் ஏதோ அசைந்து அடங்கியது.
துணியை ஒரு தடவை மடித்தேன்,
இன்னொரு தடவை மடித்தேன்.

மேசையில் நோட்டு திறந்தே கிடந்தது.
ஃபில்டரை, மடிப்பு மேலே தெரியும்படி,
அந்தக் கோட்டின் மீதே வைத்தேன்.
காலைக்குள் எண்ணெய் ஊறிவிடும்,
இந்த மாதத்திலிருந்து அடுத்த மாதத்துக்கு,
அதற்கடுத்ததற்கு.
ஸைத் கத்துவார், முதலில் நோட்டுக்காக.

இன்னும் பதின்மூன்று இருக்கின்றன.
வாளியை இழுத்துக்கொண்டேன்.
விளக்கையும்.