மூன்று சுழி

மேலூர் ஒன்றிய அலுவலகத்துக்கு எதிர்ச்சாரியில்
என் கடை. பக்கத்துக்கு இரண்டு ரூபாய்.
அரசாங்கமும் அதே விலைதான் வாங்குகிறது,
ஆனால் நான் முப்பது நாள் எடுத்துக்கொள்வதில்லை.

பதினோரு வருஷமாகக் கண்ணாடி மேல் கவிழ்த்துக் கவிழ்த்து
ஊர்ப்பட்ட காகிதத்தைப் பார்த்தாயிற்று.
படிப்பதில்லை. வரிசை மாறாமல்,
ஓரம் வெட்டுப்படாமல் கொடுப்பதோடு சரி.
எப்போதாவது ஒரு வரி தானாகக் கண்ணில் விழும்:
'கோரப்பட்ட கோப்பு இவ்வலுவலகத்தில் காணப்படவில்லை.'
வெளிச்சம் ஒரு தரம் இடமிருந்து வலம் ஓடும்;
காணாமல் போன கோப்பு மூன்று பிரதியாகும்.

நேற்று மதியம் பெரியபுலியான் வந்தான்.
கடைமடையில் முக்கால் ஏக்கர் வைத்திருப்பவன்.
மேல்முறையீடு வரை போய் வாங்கிய கட்டு,
நூற்றி நாற்பத்தாறு பக்கம், சணல் முடிச்சோடு.
"ரெண்டு செட்டுக்கா. ஒண்ணு வக்கீலுக்கு.
ஒண்ணு வீட்டுல, எலி எட்டாத எடத்துல."

எங்கள் ஊராட்சிதான். கிராம சபை, அக்டோபர் இரண்டு.
பொருள்: கீழக்கண்மாயில் கிராவல் அள்ள ஆட்சேபணை இல்லை.
வந்திருந்தோர் முந்நூற்றுப் பன்னிரண்டு பேர்.
சமுதாயக் கூடத்தில் கிடப்பது நாற்பது நாற்காலி,
அதிலும் ஏழு கல்யாணத்துக்குப் போய்த் திரும்பவில்லை.

தொண்ணூற்று நான்காம் பக்கத்தை மெஷின் கடித்தது.
மூடியைத் திறந்து, உருளையிலிருந்து உருவி,
சுருக்கத்தை நீவிவிட்டபோது
நூற்றெழுபதாவது வரியில் நான் இருந்தேன்.

பஞ்சவர்னம்.
இரண்டு சுழி.

நாலாம் வகுப்பில் அந்த ஒரு எழுத்துக்காக
மணிக்கட்டில் அடி வாங்கியவள் நான்.
ரேஷன் கார்டில், வங்கிப் புத்தகத்தில், இந்தக் கடைப் பலகையில்,
எங்கேயும் ஒரு சுழி குறைந்து நான் எழுதினதில்லை.

"என்னக்கா, சூடாயிருச்சா?" என்றான் புலியான்.
மெஷினைக் கேட்டான்.
"ஆமா" என்றேன்.

அன்றைக்கு நான் ராஜாஜி ஆஸ்பத்திரியில்.
காய்ச்சல் வார்டு, இரண்டு பிள்ளைக்கு ஒரு கட்டில்.
சின்னவளுக்குத் தட்டணு முப்பத்தெட்டாயிரம்.
தேதியும் நேரமும் அச்சிட்ட அந்தச் சீட்டு
சில்லறை டப்பாவுக்கு அடியில் இப்போதும் கிடக்கிறது.
எதற்கென்று தெரியாமல்தான் வைத்திருந்தேன்.
நெற்றியில் ஈரத்துணி மாற்றிக்கொண்டிருந்த மத்தியானம்
ஜேசிபிக்கு முன்னால் என்னை நடத்தி
கண்மாய்க்குள் இறக்கியிருக்கிறார்கள்.

புலியானிடம் காசு வாங்கினேன். கடை கடைதான்.
ஒரு பக்கத்தை மட்டும் மூன்றாவதாக எடுத்தேன்,
கணக்கில் சேர்க்காமல்.

அவன் போனதும் ஷட்டரைப் பாதி இறக்கி,
ஊராருக்கெல்லாம் விற்ற பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லையில்
ஒன்றை எனக்கே விற்றேன்.
கல்லாவில் பத்து ரூபாய் போட்டேன்.
'அனுப்புநர்' என்று எழுதியதும் கை நின்றது.
இத்தனை பேர் மனுவை நகலெடுத்தவளுக்கு
அதற்குக் கீழே என்ன வரும் என்று
ஒரு நொடி தெரியவில்லை.

கேட்டது ஒன்றே ஒன்று:
அந்தப் பதிவேட்டின் அசலை நேரில் பார்க்க வேண்டும்.
நகல் வேண்டாம். நகலை எனக்குத் தெரியும்.
பேனா அழுந்திய மேடு தாளின் பின்பக்கம் இருக்குமே,
அதை விரலால் தடவிப் பார்க்க வேண்டும்;
யாரோ என்னை எவ்வளவு அவசரமாக எழுதினார்கள் என்று.
முதல் ஒரு மணி நேரம் இலவசமாம்.
எனக்கு அவ்வளவு ஆகாது.

பதிவுத் தபாலுக்கு நாலு மணியோடு சரி.
ஒப்புகை அட்டையோடு வேகமாக நடந்தேன்.
வழியில் இரண்டு லாரி, தார்ப்பாய் போடாமல்,
செம்மண் சிந்திக்கொண்டே நாலுவழிச் சாலையில் ஏறின.
எந்தக் கண்மாய் என்று கேட்பதற்குள்
பச்சை விழுந்துவிட்டது.